பொது காம்பொனென்ட் நூலகத்தை இரண்டாம் முறை தொடங்கும்போது

வாசகர் கேள்வி:

எங்கள் நிறுவனத்தில் நான்கு குழுக்கள் நான்கு வலைச்செயலிகளை உருவாக்குகின்றன. மூன்று குழுக்கள் ரியாக்ட்டிலும், ஒரு குழு பழைய ஆங்குலரிலும் (இரண்டும் வலைத்திரைகளை உருவாக்கும் நிரல் கட்டமைப்புகள்) எழுதுகின்றன. ஒரே பொத்தான் நான்கு இடங்களில் நான்கு விதமாக இருப்பதைப் பார்த்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இன்னும் இருவரும் ஐந்து மாதம் உழைத்து, நாற்பத்திரண்டு காம்பொனென்ட்கள், அதாவது பொத்தான் போன்ற ஆயத்தத் திரை உறுப்புகள், கொண்ட ஒரு பொது நிரல் நூலகத்தை உருவாக்கினோம். முதலில் இரண்டு குழுக்கள் ஆர்வமாக எடுத்துக்கொண்டன. பிறகு ஒரு சிறிய பதிப்பு மாற்றத்தில், வெளியீட்டுக்கு முந்தைய நாள், ஒரு குழுவின் படிவப் பக்கம் குலைந்துபோனது. அக்குழு எங்கள் நிரலைத் தன் நிரல் களஞ்சியத்துக்குள் நகலெடுத்துக்கொண்டு விலகிவிட்டது. மற்றவர்களும் மெல்ல விலகினார்கள். இப்போது நிர்வாகம் மறுபடியும் பொது நூலகம் வேண்டும் என்கிறது. எங்கே பிழை செய்தோம்? எதிலிருந்து தொடங்குவது? ஆயத்தமாகக் கிடைக்கும் நூலகம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு ஆண்டுகளில் கைவிடப்படவிருக்கும் ஆங்குலர் செயலியை என்ன செய்வது? விலகிப் போனவர்களை எப்படித் திரும்ப அழைப்பது?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது நாற்பத்திரண்டு என்ற எண்ணில் என் கண் நின்றுவிட்டது. மூன்று பேர் ஐந்து மாதத்தில் நாற்பத்திரண்டு காம்பொனென்ட்களை எழுதினீர்கள் என்றால், அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை எந்தக் குழுவும் கேட்காமல், நாளை தேவைப்படும் என்ற ஊகத்தின்பேரில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதி முடிக்க ஐந்து மாதம் போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் எழுதிய ஒவ்வொன்றையும் அதன்பிறகு ஆண்டுக்கணக்கில் பராமரித்தாக வேண்டும். பிழை திருத்த வேண்டும், புதிய உலாவிப் பதிப்புகளில் சோதிக்க வேண்டும், ஆவணத்தைப் புதுப்பிக்க வேண்டும், கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு உங்களிடம் ஆள் இருக்கவில்லை. படிவப் பக்கம் குலைந்த நாளைத்தான் நீங்கள் சரிவின் தொடக்கமாகக் கருதுகிறீர்கள். என் கணிப்பில், உள்ளே பல மாதங்களாகச் சேர்ந்துகொண்டிருந்த பாரம் அன்றுதான் வெளியே தெரிந்தது.

ஒரு பொது நூலகம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அறிய நான் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். அதைப் பயன்படுத்தும் ஒரு குழு, நாளை தன் வெளியீடு இருக்கும்போதும், இன்று அந்நூலகத்தின் புதிய பதிப்புக்குத் தயங்காமல் மாறுமா? மாறும் என்றால் அதில் ஆறு காம்பொனென்ட்களே இருந்தாலும் அது உயிருள்ள நூலகம். மாறாது என்றால் நூறு இருந்தாலும் அதை எல்லோரும் பழைய பதிப்பிலேயே நிறுத்திவைத்துவிட்டு, காலப்போக்கில் நகலெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இந்தத் தயக்கத்தைப் போக்குவதை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

நீங்கள் விரும்புவது புதிய விருப்பமன்று. 1968இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ கூட்டிய மென்பொருள் பொறியியல் மாநாட்டில், பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக் மெக்கில்ராய், பிற தொழில்கள் ஆயத்த உறுப்புகளை வாங்கிப் பொருத்துவதைப் போல மென்பொருளையும் ஆயத்தக் கூறுகளிலிருந்து கட்ட வேண்டும் என்று வாதிட்டார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் அது எளிதாகிவிடவில்லை. திருகாணியை வாங்கியவன் அதைப் பொருத்திய பிறகு, செய்தவன் தொலைவிலிருந்து அதன் மரையை மாற்ற முடியாது. நாம் வெளியிடும் காம்பொனென்ட் பயன்பாட்டில் இருக்கும்போதே மாறிக்கொண்டிருக்கிறது. பொது நூலகத்தின் கடினம் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டில் இருக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நிரல் எழுதுவதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். நான்கு செயலிகளின் முக்கியத் திரைகளையும் படமெடுத்து, பொத்தான்களை ஒரு பக்கத்தில், உள்ளீட்டுப் பெட்டிகளை ஒரு பக்கத்தில், உரையாடல் பெட்டிகளை ஒரு பக்கத்தில் என்று வகைபிரித்து ஒட்டுங்கள். இரண்டு நாள் வேலைதான். ஆனால் பத்து விதமான நீலத்தையும், ஒரே செயலுக்கு ‘சேமி’, ‘பதிவு செய்’, ‘உறுதிப்படுத்து’ என்று மூன்று பெயர்கள் இருப்பதையும் எல்லோரும் ஒரே மேசையில் பார்க்கும்போது கிடைக்கும் ஒப்புதல், எத்தனை விளக்கக் கூட்டம் நடத்தினாலும் கிடைக்காது. அந்தக் கணக்கெடுப்பிலிருந்து, குறைந்தது மூன்று குழுக்கள் ஏற்கெனவே தாமாகவே எழுதிவைத்திருக்கும் காம்பொனென்ட்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு குழு வைத்திருப்பது அந்தக் குழுவின் சொந்தப் பொருள். இரண்டு குழுக்களிடம் இருப்பது தற்செயலாக ஒத்திருக்கலாம். மூன்றாவது முறை தென்படும்போதுதான் எது எல்லோருக்கும் பொதுவானது, எது ஒவ்வொருவருக்கும் மாறுவது என்று நமக்குத் தெளிவாகத் தெரிகிறது.

பொத்தான், பெயர்ச்சீட்டும் பிழைச்செய்தியும் சேர்ந்த உள்ளீட்டுப் பெட்டி, தேர்வுப்பெட்டி, உரையாடல் பெட்டி, அறிவிப்புப் பட்டை என ஐந்தாறு காம்பொனென்ட்கள் முதல் ஆண்டுக்குப் போதும். தரவு அட்டவணையையும் நாட்காட்டியையும் முதல் ஆண்டில் தொடாதீர்கள். அவை இரண்டும் குழுவுக்குக் குழு வேறுபடுபவை. நூலகத்தின் உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடக் கூடியவை.

ஐந்தாறு என்றால் சிறியதாகத் தோன்றும். ஒரு பொத்தானை மட்டும் சற்று நெருங்கிப் பார்ப்போம். வலைப்பக்கங்கள் எழுதப்படும் மொழியான ஹெச்.டி.எம்.எல்லில் ‘பட்டன்’ எலிமென்ட் ஒன்றைப் படிவத்துக்குள் வைத்து அதன் ‘டைப்’ பண்பைக் குறிப்பிடாமல் விட்டால், உலாவி அதை ‘சப்மிட்’ என்றே கொள்ளும். ‘இன்னொரு வரி சேர்’ என்று எழுதிய பொத்தானை அழுத்தியதும் படிவம் முழுவதும் அனுப்பப்பட்டுவிடும் பிழைக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே உங்கள் பொத்தான் காம்பொனென்டில் இயல்பான மதிப்பு ‘பட்டன்’ என்று இருக்கட்டும். அனுப்பும் பொத்தான் வேண்டுபவர் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும். இதை முதல் பதிப்பிலேயே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால், இயல்பான மதிப்பை நம்பியிருந்த அத்தனை படிவங்களும் சத்தமின்றி வேலை செய்யாமல் நின்றுவிடும். உங்கள் படிவப் பக்கம் குலைந்ததற்கும் இப்படிப்பட்ட ஓர் இயல்பு மதிப்பின் மாற்றமே காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். பழைய மாற்றப் பதிவுகளில் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

அடுத்து, காத்திருக்கும் நிலை. பொத்தானை அழுத்தியதும் அது சுழலும் குறியாக மாறும்போது அதன் அகலம் சுருங்கினால், பக்கத்தில் உள்ள பொத்தான் நகர்ந்து விரலுக்கடியில் வந்துவிடும். ‘சேமி’யை இரண்டாம் முறை தொடப்போனவர் ‘நீக்கு’வைத் தொட்டுவிடுவார். அகலத்தை அப்படியே வைத்திருப்பது உங்கள் பொறுப்பு. முடக்கப்பட்ட பொத்தானை எடுத்துக்கொண்டால், ‘டிசேபிள்டு’ பண்பு கொடுத்த பொத்தானை டேப் விசையால் அடைய முடியாது. அதனால் திரைவாசிப்பானைப் பயன்படுத்துபவர் அப்படி ஒன்று அங்கே இருக்கிறது என்பதையே அறியாமல் கடந்துவிடக்கூடும். பல இடங்களில், முடக்கப்பட்டதென்று அறிவிக்க மட்டும் செய்யும் ‘ஏரியா டிசேபிள்டு’ பண்பைக் கொடுத்து, அழுத்தத்தை நிரலில் தடுத்து, ஏன் அழுத்த முடியாது என்பதைப் பக்கத்தில் எழுதுவதே மேல். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு, டபிள்யூ.சி.ஏ.ஜி என்ற வலை அணுகல்தன்மை நெறிகளின் ‘ஏஏ’ நிலைப்படி, சாதாரண அளவிலான எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3:1 போதும். 2023 அக்டோபரில் வெளியான அதன் 2.2 பதிப்பு, சில விலக்குகளோடு, தொடும் பரப்பு குறைந்தது 24க்கு 24 சி.எஸ்.எஸ் (தோற்ற விதிகளுக்கான மொழி) பிக்செல் இருக்க வேண்டும் என்கிறது. இவையெல்லாம் நான்கு குழுக்களும் தனித்தனியே நினைவில் வைத்திருக்க வேண்டிய செய்திகளாக இருந்தால் நான்கு இடங்களிலும் மறக்கப்படும். ஒரே இடத்தில் ஒருமுறை சரியாகச் செய்துவைப்பதுதான் பொது நூலகத்தால் கிடைக்கும் மெய்யான பயன். தோற்றத்தில் ஒற்றுமை வருவதை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

மொழியையும் மறந்துவிடாதீர்கள். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல் தமிழில் பன்னிரண்டு எழுத்தாகலாம். பொத்தானுக்கு நிலையான அகலம் கொடுத்தால் சொல் உடையும். வரியுயரத்தை இறுக்கி வைத்து, வழிந்ததை மறைக்கச் சொன்னால் ‘கூ’, ‘ழு’ போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதி வெட்டுப்படும். வடிவமைப்புக் கோப்பில் உள்ள ஆங்கில மாதிரிச் சொல்லை மட்டும் பார்த்துக் காம்பொனென்டை முடித்துவிடாமல், மிக நீளமான ஒரு சொல்லையும் மிகச் சிறிய ஒரு சொல்லையும் இட்டு எப்போதும் சோதியுங்கள்.

காம்பொனென்டுக்கு வெளிப்புற இடைவெளி கொடுக்காதீர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பொத்தானுக்குள் மார்ஜின் எழுதிவைத்தால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அதை அழிக்கத் தம் பக்கத்தில் ஒரு வரி எழுதுவார்கள். நீங்கள் அந்த மார்ஜினை என்றாவது மாற்றும்போது அந்த வரிகள் எல்லாம் பொய்யாகிவிடும். பொருள்களுக்கு இடையிலான தூரத்தை அவற்றை அடுக்கும் பக்கமே முடிவு செய்யட்டும்.

ஒரு காம்பொனென்ட் கெடுவது பெரும்பாலும் அதன் ப்ராப்களின், அதாவது பயன்படுத்துபவர் வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு மதிப்புகளின், வழியாகத்தான். நான் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் ஒரு பொத்தானுக்கு இருபத்தேழு ப்ராப்கள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நல்ல காரணத்துக்காகவே சேர்க்கப்பட்டது. யாரோ ஒருவர் அவசரமாக ஒன்று கேட்டார், நானும் மறுக்க மனமின்றிச் சேர்த்தேன். ‘பெரியது’, ‘சிறியது’ என்று இரண்டு தனித்தனி ஆம்-இல்லை ப்ராப்கள் இருந்ததால் இரண்டையும் ஒரே நேரத்தில் ‘ஆம்’ என்று கொடுக்க முடிந்தது, சிலர் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கங்கள் எந்த விதி முந்துகிறது என்ற தற்செயலைப் பொறுத்தே நின்றுகொண்டிருந்தன. பிறகு ஒருநாள் சி.எஸ்.எஸ் கோப்புகளின் வரிசை மாறியபோது அத்தனையும் ஒருசேர உருமாறின. அந்த அனுபவத்துக்குப் பிறகு, ஒன்றையொன்று விலக்கும் நிலைகளை எப்போதும் ஒரே ப்ராப்பின் மாற்று மதிப்புகளாகவே எழுதுகிறேன். புதிய ஆம்-இல்லை ப்ராப் ஒன்று கேட்கப்படும்போதெல்லாம், அதை உள்ளடக்கமாக வாங்கிக்கொள்ள முடியுமா என்று முதலில் பார்க்கிறேன். பொத்தானுக்குள் இடப்பக்கக் குறி, வலப்பக்கக் குறி, குறியின் நிறம், குறியின் அளவு என்று நான்கு ப்ராப்கள் வைப்பதைவிட, உள்ளே எதை வேண்டுமானாலும் வைக்க இடம்விட்டால் அந்த நான்கும் தேவையற்றுப்போகின்றன. ப்ராப் ஒன்றைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். எடுக்க வேண்டுமென்றால் ஓர் ஆண்டாகும்.

உரையாடல் பெட்டியைப் பற்றி நல்ல செய்தி ஒன்று உண்டு. முன்பு இதற்காகவே நூற்றுக்கணக்கான வரிகள் எழுதி, குவியம் (விசைப்பலகை அப்போது இயக்கும் இடம்) பெட்டிக்கு வெளியே போகாமல் பூட்டி, பின்னணியை மறைத்து, எஸ்கேப் விசையைக் கவனித்துக்கொண்டிருந்தோம். 2022 மார்ச் முதல் எல்லா முக்கிய உலாவிகளும் ‘டயலாக்’ எலிமென்டை ஆதரிக்கின்றன. அதன் ‘ஷோ மோடல்’ முறையைக் கொண்டு திறந்தால் பின்னாலுள்ள பக்கம் செயலற்றதாகிறது, எஸ்கேப் அழுத்தினால் பெட்டி மூடுகிறது, மூடியதும் குவியம் முன்பிருந்த இடத்துக்குத் திரும்புகிறது. உலாவி தானே தரும் எதையும் நீங்கள் எழுதாதீர்கள். உங்கள் நிரலைவிட அதுவே நெடுங்காலம் பராமரிக்கப்படும்.

நிறம், எழுத்தளவு, இடைவெளி ஆகியவற்றை டோக்கன்களாக, அதாவது பெயரிட்ட மதிப்புகளாக, வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.எஸ் மாறிகளே இதற்குப் போதும். பெயர் வைக்கும்போது ‘நீலம் 600’ என்பதற்கு மேலே, ‘முதன்மைச் செயல் பின்னணி’ என்ற பயன்வழிப் பெயர் ஒன்று இருக்கட்டும்; காம்பொனென்ட்கள் அந்தப் பயன்வழிப் பெயரை மட்டுமே அறிந்திருக்கட்டும். இருண்ட தோற்றம் வேண்டும் என்று யாராவது கேட்கும் நாளில் இந்த ஒரு பழக்கம் உங்களைக் காப்பாற்றும்.

இனிப் பதிப்புகள். ‘சிறிய பதிப்பு மாற்றத்தில்’ பக்கம் குலைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தின் மையம் அந்தச் சொற்றொடரில்தான் இருக்கிறது. மூன்று எண்கள் கொண்ட செமாண்டிக் வெர்ஷனிங் முறையில், பழையது உடையும் மாற்றம் இருந்தால் முதல் எண்ணும், உடையாமல் புதியது சேர்ந்தால் நடு எண்ணும், பிழை மட்டும் திருத்தினால் கடைசி எண்ணும் உயர வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இடைமுக நூலகத்தில் ‘உடைதல்’ எது என்பதில்தான் குழப்பம். ப்ராப்பின் பெயரை மாற்றினால் உடையும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் உட்புற இடைவெளியை 8 பிக்செலிலிருந்து 12 ஆக்கினால்? ஒரு ‘டிவ்’வுக்குள் (ஹெச்.டி.எம்.எல் கொள்கலனுக்குள்) இன்னொரு ‘டிவ்’ சேர்த்தால்? உங்கள் பார்வையில் அவை உள் விவகாரங்கள். பயன்படுத்தும் குழுவோ தன் கருவிப்பட்டையை அந்த 8 பிக்செலை நம்பி அளந்திருக்கிறது. தன் சோதனைகளை அந்த ‘டிவ்’ அமைப்பை நம்பி எழுதியிருக்கிறது. அவர்களுக்கு அவை உடைவுகளே.

ஆகவே இதுவரை நீங்கள் எழுதிவைக்காத ஒன்றை இப்போது எழுதிவையுங்கள்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது. ப்ராப்கள், நிகழ்வுகள், டோக்கன் பெயர்கள், இயல்பு மதிப்புகள், விசைப்பலகை நடத்தை ஆகியவை வாக்குறுதிக்குள் அடங்கும். உள்ளமைந்த கிளாஸ் பெயர்களும் டி.ஓ.எம் அமைப்பும் (உலாவிக்குள் எலிமென்ட்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறை) அடங்கா. பரிமாணத்தை மாற்றும் எதுவும் பெரிய பதிப்பில் மட்டுமே வரும். இந்த அரைப் பக்கத்தை நான்கு குழுக்களும் படித்து ஒப்புக்கொண்ட பிறகு, எந்த மாற்றம் எந்த எண்ணை உயர்த்தும் என்ற சச்சரவு பெருமளவு அடங்கிவிடும்.

பழைய ப்ராப்பை நீக்க வேண்டும் என்றால் உடனே நீக்காதீர்கள். புதியதைச் சேர்த்து, பழையதும் வேலை செய்யும்படி விட்டு, உருவாக்கச் சூழலில் மட்டும் ‘இது அடுத்த பெரிய பதிப்பில் போய்விடும், இதற்கு மாற்று இது’ என்று எச்சரிக்கை காட்டுங்கள். மாற்றத்தைத் தானாகச் செய்துதரும் கோட்மாட் ஒன்றையும் கூடவே வெளியிடுங்கள், ஜே.எஸ்.கோட்ஷிஃப்ட் போன்ற கருவியைக் கொண்டு, பெயர்மாற்றம் போன்ற எளிய மாற்றங்களுக்கு அதை ஒருநாளில் எழுதிவிடலாம். இதைவிடவும் பயன்தந்த ஒரு பழக்கம் உண்டு: பெரிய பதிப்பு வெளியிடும்போது, ஒவ்வொரு குழுவின் களஞ்சியத்திலும் அந்த மாற்றத்துக்கான புல் ரிக்வெஸ்டை (நிரல் மாற்றத்தை இணைக்கக் கோரும் வேண்டுகோளை) நூலகக் குழுவே அனுப்புவது. முதலில் இது வீண் சுமையாகத் தெரியும். ஆனால் நீங்கள் செய்த மாற்றத்தின் வலியை நீங்களே முதலில் உணரும்போது, தேவையற்ற பெயர்மாற்றங்கள் தாமாகக் குறைந்துவிடுகின்றன.

ஒவ்வொரு காம்பொனென்டின் ஒவ்வொரு நிலையையும், காம்பொனென்ட்களைக் காட்சிப்படுத்தும் கருவியான ஸ்டோரிபுக்கில் தனித்தனியே பதிந்து, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவற்றின் படங்களை முந்தைய படங்களோடு ஒப்பிடும் சோதனையை அமைத்துவிடுங்கள். அன்று உங்களிடம் இந்தச் சோதனை இருந்திருந்தால், குலைந்த படிவத்தை அந்தக் குழுவுக்கு முன் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அணுகல்தன்மைக்கான தானியங்கிச் சோதனைகளும் தேவை. ஆனால் அவை எல்லாவற்றையும் பிடிப்பதில்லை. வெளியீட்டுக்கு முன் சுட்டியைத் தொடாமல், விசைப்பலகையால் மட்டும் ஒருமுறை எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். நுட்பக் குறிப்பு ஒன்று: ரியாக்ட்டை உங்கள் நூலகத்தின் நேரடிச் சார்பாக வைக்காமல் பியர் டிபெண்டன்சியாக, அதாவது பயன்படுத்தும் செயலியே தர வேண்டிய சார்பாக, அறிவியுங்கள். இல்லாவிட்டால் ஒரே பக்கத்தில் ரியாக்ட்டின் இரண்டு பிரதிகள் ஏறி, ஹூக்குகள் எனப்படும் ரியாக்ட் செயற்கூறுகள் தவறாக அழைக்கப்பட்டன என்ற பிழை வரும். அதன் காரணத்தைத் தேடுபவர் அரை நாளை இழப்பார்.

வெளியீடுகள் சிறியனவாகவும் அடிக்கடியும் வரட்டும். ஆறு மாதத்தின் மாற்றங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால் யாரும் அவிழ்க்க மாட்டார்கள். மாற்றக் குறிப்பையும் நிரலாளருக்காக எழுதுங்கள்: என்ன மாறியது, உங்கள் பக்கத்தில் எது வேறாகத் தெரியும், நீங்கள் என்ன செய்ய வேண்டும். ‘பல்வேறு மேம்பாடுகள்’ என்ற வரி நம்பிக்கையைக் கெடுக்கும்.

ஆள் விஷயத்தில் நிர்வாகத்திடம் தெளிவாகப் பேசுங்கள். நேரம் கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நான்கு குழுக்களுக்கு ஒரு நிரலாளரும், பாதி நேரமாவது ஒரு வடிவமைப்பாளரும் நிரந்தரமாக வேண்டும். கிடைக்காவிட்டால் டோக்கன்களையும் ஆவணத்தையும் மட்டும் பொதுவாக வைத்துக்கொண்டு, காம்பொனென்ட்களைத் தொடங்காமல் இருப்பதே நேர்மையானது. குழுக்கள் தாம் எழுதியதைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கும் ஒரு வழி வேண்டும். இதில் பிரிட்டிஷ் அரசு 2018இல் வெளியிட்ட கவ்.யுகே டிசைன் சிஸ்டத்தின் ஏற்பாடு எனக்குப் பிடித்தது. ஒரு முன்மொழிவை ஏற்பதற்கு அது பயனுள்ளதா, ஏற்கெனவே இருப்பதிலிருந்து வேறுபட்டதா என்று பார்க்கிறார்கள். வெளியிடுவதற்கு முன் அது பயன்படுத்த உகந்ததா, மற்றவற்றோடு ஒத்திருக்கிறதா, பல சேவைகளுக்கும் பொருந்துமா என்று, வெவ்வேறு துறையினர் அடங்கிய ஒரு குழு மதிப்பிடுகிறது. இரண்டு வாயில்கள் இருப்பதன் நயம் என்னவென்றால், முதல் வாயிலில் மறுக்கப்படுபவர் வீணாக உழைத்திருக்க மாட்டார். மறுக்கப்பட்டதைத் தம் களஞ்சியத்திலேயே வைத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் பொதுவாக்கத் துடிக்கும் நூலகம் குழுக்களின் கையைக் கட்டிவிடும்.

ஆயத்த நூலகம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். 2011இல் ட்விட்டரிலிருந்து பூட்ஸ்ட்ராப் வெளிவந்த காலத்திலிருந்து இந்த வழி திறந்தே இருக்கிறது. சிறிய குழுக்களுக்கு அது நல்ல வழியும்கூட. உங்களுக்குச் சொந்தத் தோற்றம் ஒன்று ஏற்கெனவே இருப்பதால், முழு அலங்காரத்தோடு வரும் நூலகத்தை எடுத்தால் அதன் தோற்றத்தை மறைப்பதிலேயே காலம் கழியும். தேடித் தேர்ந்தெடுக்கும் பட்டியல், நாட்காட்டி போன்ற கடினமானவற்றுக்கு, தோற்றமின்றி நடத்தையை மட்டும் தரும் ‘ஹெட்லெஸ்’ நூலகம் ஒன்றை எடுத்து, உங்கள் டோக்கன்களை அதன்மேல் போர்த்திக்கொள்ளுங்கள். அதைக் குழுக்கள் நேரடியாகத் தொடாமல் உங்கள் காம்பொனென்ட் வழியாகவே பயன்படுத்தட்டும். நாளை அந்த நூலகம் கைவிடப்பட்டால் ஓர் இடத்தில் மாற்றினால் போதும்.

ஆங்குலர் குழுவுக்காக எல்லாவற்றையும் வெப் காம்பொனென்ட்களாக, அதாவது எந்தக் கட்டமைப்பிலும் இயங்கும் உலாவித் தர உறுப்புகளாக, எழுதலாமா என்று உங்களிடம் யாராவது நிச்சயம் கேட்பார்கள். எல்லா முக்கிய உலாவிகளிலும் அவை இன்று இயங்குகின்றன; 2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 அவற்றை முழுமையாக ஆதரிக்கிறது. ஆனாலும் அவை பயன்படுத்தும் ஷேடோ டி.ஓ.எம் என்ற தனி அடைப்புக்கு உள்ளே இருக்கும் எலிமென்டை வெளியிலிருந்து ஐடி மூலம் நேரடியாகச் சுட்ட முடியாததால், பெயர்ச்சீட்டையும் பிழைச்செய்தியையும் உள்ளீட்டுப் பெட்டியோடு இணைப்பதில் இடர் உண்டு. படிவங்கள் மிகுந்த உங்கள் செயலிகளுக்கு அது சிறிய இடரன்று. இரண்டு ஆண்டுகளில் கைவிடப்படும் ஒரு செயலிக்காக மற்ற மூன்றையும் அந்தப் பாதையில் இழுக்க வேண்டாம். ஆங்குலர் குழுவுக்கு டோக்கன்களையும், பொத்தானுக்கும் உள்ளீட்டுப் பெட்டிக்குமான சி.எஸ்.எஸ் கோப்பையும், ஹெச்.டி.எம்.எல் எழுதும் முறையைக் காட்டும் ஒரு பக்கத்தையும் கொடுங்கள். தோற்ற ஒற்றுமையின் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

கடைசியாக, விலகிப் போனவர்கள். எல்லாக் குழுக்களையும் ஒரே அரங்கில் கூட்டி அறிவிப்புச் செய்வதற்கு முன், அன்று படிவம் குலைந்த அந்தக் குழுவிடம் தனியாகப் போங்கள். புதிய நூலகத்தைப் பற்றிப் பேசாதீர்கள். அன்று என்ன நடந்தது என்று அவர்களைச் சொல்லவிட்டுக் கேளுங்கள். பிறகு, அவர்கள் அனுமதித்தால், உங்களிடமிருந்து நகலெடுத்த அந்தக் கோப்புகளைத் திறந்து, உங்கள் மூல நிரலோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த ப்ராப்களை அவர்கள் நீக்கினார்கள், எங்கே இயல்பு மதிப்பை மாற்றினார்கள், எந்த மார்ஜினை அழித்தார்கள், நீங்கள் எழுத மறந்த எந்த நிலையைச் சேர்த்தார்கள் என்று எல்லாமே அந்த வேறுபாட்டில் பதிந்திருக்கும். அதை அச்செடுத்து மேசையில் வைத்துக்கொண்டு, உங்கள் முதல் ஐந்து காம்பொனென்ட்களை அதிலிருந்து எழுதத் தொடங்குங்கள். முதல் பதிப்பை வெளியிடும் முன் அந்தக் குழுவின் படிவப் பக்கத்திலேயே அதை ஓட்டிப் பாருங்கள்.